தூண்டில் ஃபிளைக்கு டப்பிங் பிரஷ் வீட்டிலேயே முறுக்குகிறேன், கம்பி ஒரே இடத்தில் அறுந்துபோகிறது

ப்ளஃப்_பையன் (டர்பன்)
செப்டம்பர் 20, மாலை 7:12

எல்லோருக்கும் வணக்கம். புரட்டாசி பிறந்தாச்சு. அம்மா மீன் சட்டியைத் தேய்த்துக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டார். "தூண்டிலைக் கழுவாம வாசப்படி தாண்டாதே"ன்னு உத்தரவு வேற. இது முடிவதற்குள் அக்டோபர் வந்துவிடும், அக்டோபரும் நவம்பரும் இங்கே ஷாட் (கூர்மையான பல் உள்ள கடல்மீன்) பிடிக்கத் தடை. ஆக டிசம்பர் வரைக்கும் எனக்குக் கடற்கரையில் பெரிய வேலை இல்லை. உட்கார்ந்து ஃபிளை (முள்ளில் இழை கட்டிச் செய்கிற பொய் இரை) கட்டலாம் என்று முடிவு.

ஷாடுக்குத்தான் கட்டுகிறேன். அந்தப் பல்லுக்கு நூலில் முறுக்கிக் கட்டிய உடம்பு ரெண்டு கடி தாங்காது. நூல் அறுந்தால் மயிரெல்லாம் கொட்டி வெறும் முள் மட்டும் திரும்பி வரும். அதனால் பிரஷ். (புதியவர்களுக்கு: ரெண்டு மெல்லிய கம்பிக்கு நடுவில் இழையைப் பரப்பி முறுக்கினால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி வரும். அதை முள்ளில் சுற்றினால் உடம்பு தயார்.)

பலகை நானே செய்தேன். பழைய அலமாரித் தட்டு, 40 செ.மீ. ஒரு முனையில் ஸ்க்ரூ. மறுமுனையில் ஸ்கேட்போர்டு பேரிங்குக்குள் ஒரு கொக்கி, அதை பேட்டரி டிரில்லில் மாட்டிச் சுற்றுகிறேன். கம்பி, எரிந்துபோன மின்விசிறி மோட்டாரில் இருந்து உருவிய செம்பு, 0.2 மி.மீ. இருக்கும். இழை, வார்விக் பக்கம் சடை பின்ன விற்கிற கனெகலான் என்ற செயற்கை முடி.

பன்னிரண்டு முறுக்கினேன். ஒன்பது அறுந்துவிட்டது. எல்லாமே கொக்கிப் பக்கம், கிட்டத்தட்ட அதே இடத்தில். பிழைத்த மூன்றிலும் நடுநடுவே வழுக்கை. நான் எங்கே தப்பு செய்கிறேன்?

---

டோங்காட்_தமிழ்
செப்டம்பர் 20, மாலை 7:40

கடையில வாங்கிடு ப்ரோ 😄

---

ப்ளஃப்_பையன்
செப்டம்பர் 20, மாலை 7:44

ஒரு பாக்கெட்டில் எத்தனை வருகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறாயா? அந்தக் காசில் கனெகலான் மூன்று கட்டு வாங்கி வருஷம் முழுக்க முறுக்கலாம். அதோடு நம்ம ஊர் மத்தி மீன் நிறம் எந்த பாக்கெட்டிலும் கிடையாது.

---

லெனேசியா_ராட்
செப்டம்பர் 20, இரவு 9:05

மோட்டார்க் கம்பியை நம்பாதே தம்பி. ஏற்கெனவே ஒரு தடவை சுருளில் சுற்றி, பிறகு நீ உருவி, நேராக்கி... ஒவ்வொரு மடிப்பிலும் செம்பு விறைத்துப்போகிறது. விறைத்த இடத்தில்தான் முதலில் அறும். நான் 0.2 துருப்பிடிக்காத கம்பிதான் வைத்திருக்கிறேன். உப்புத் தண்ணிக்கும் அதுதான். சாதாரண இரும்புக் கம்பி ஒரே வாரத்தில் ஃபிளைப் பெட்டி முழுக்கக் கறை ஏற்றிவிடும்.

என் பிரச்சினை வேற. குளிர்காலத்தில் இங்கே ஜொகன்னஸ்பர்க் பக்கம் காற்று வறண்டுபோய் இருக்கும். இழையைப் பலகையில் பரப்பினால் பேய் பிடித்த மாதிரி எழுந்து என் கையில் ஒட்டுகிறது. டர்பன்காரர்களுக்கு இந்தக் கொடுமை தெரியாது. ஈரத்துணியால் பலகையை ஒருதரம் துடைத்துவிட்டு, துணி உலர்த்தப் போடுகிற சாஃப்ட்னர் தாளை இழைமேல் தடவினால்தான் அடங்கும்.

---

மாரிட்ஸ்பர்க் மாமா
செப்டம்பர் 21, காலை 6:18

பிள்ளைகளே, எதற்கு இத்தனை கம்பி? நான் நாற்பது வருஷமாகக் கம்பெர்க், அண்டர்பெர்க் பக்கம் டிராவுட் மீனுக்கு நூல் வளையத்தில்தான் டப்பிங் (உடம்புக்கான இழை) முறுக்குகிறேன். முள்ளிலேயே நூலை மடித்து ஒரு வளையம், மெழுகு, இழை, ஒரு சுழற்சி. வேலை முடிந்தது. பலகையும் வேண்டாம், டிரில்லும் வேண்டாம்.

முன்கூட்டியே முறுக்கி வைக்கிற யோசனையும் புதுசு இல்லை. பென்சில்வேனியாவில் ஜேம்ஸ் லைசன்ரிங் என்று ஒருவர் பட்டுநூலில் உடம்பை முறுக்கி, அட்டையில் வெட்டுப்போட்டுச் செருகி வைத்துக்கொள்வார். தேவைப்படும்போது ஒன்றை எடுத்துக் கட்டுவார். பட்டு! கம்பி இல்லை.

14-ஆம் நம்பர்ச் சின்ன முள்ளில் நீங்கள் கம்பி பிரஷ் சுற்றிப் பாருங்கள். பூச்சி மாதிரி இருக்காது. புதர் மாதிரி இருக்கும், கல் மாதிரி மூழ்கும்.

---

ப்ளஃப்_பையன்
செப்டம்பர் 21, காலை 7:55

மாமா, 14-க்கு நானும் சுற்ற மாட்டேன். நான் சொல்வது 1/0, 2/0 பெரிய முள். உங்கள் டிராவுட்டுக்குப் பல் இருக்கிறதென்று சொல்லிக்கொள்கிறார்கள், ஷாடிடம் விரலைக் கொடுத்துப் பாருங்கள் 🙂

---

மாரிட்ஸ்பர்க் மாமா
செப்டம்பர் 21, காலை 8:10

சரி, கடலுக்கென்றால் ஒத்துக்கொள்கிறேன். உம்கோமாஸ் ஆற்றில் ஸ்கேலி மீன் பிடிக்க யாராவது பிரஷ் கேட்டால் மட்டும் மறுபடியும் வருவேன்.

---

ஊசிநூல் (இசிப்பிங்கோ)
செப்டம்பர் 21, மாலை 5:30

நான் மீன் பிடிப்பதில்லை. வீட்டுக்காரர் பிடிப்பார், நான் கட்டிக்கொடுப்பேன். இருபத்திரண்டு வருஷம் துணி ஃபாக்டரியில் மெஷினில் உட்கார்ந்தவள், முறுக்கு பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். (தின்கிற முறுக்கும் தெரியும், அது தீபாவளிக்கு.)

முதலில் வழுக்கை. தம்பி, இழையை எப்படிப் பரப்புகிறாய்? கட்டிலிருந்து பிடியாகப் பிய்த்து வைத்தால் நிச்சயம் வழுக்கைதான். தடித்த இடத்தில் மேல்கம்பியும் கீழ்க்கம்பியும் ஒன்றையொன்று தொடவே முடியாது. நடுவில் உள்ள இழையைக் கடிக்க யாருமில்லை, சீவும்போது கையோடு வந்துவிடும். பலகையில் பரப்பினதும் கீழே உள்ள மரத்தின் ரேகை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பாதியை எடுத்துவிடு. "இவ்வளவு கம்மியா?" என்று நினைப்பாய். முறுக்கினதும் இரண்டு மடங்காகப் புடைக்கும்.

இரண்டாவது, கனெகலான் வழுக்கும் இழை. அது மட்டும் வைத்தால் கம்பிக்குள் சறுக்கும். நாலில் ஒரு பங்கு முயல் அடிமயிரோ மெரினோ கம்பளியோ கலந்துகொள். கீழ்க்கம்பியில் ஹேர்ஸ்ப்ரே லேசாக அடித்து, அரை நிமிஷம் விட்டு, பசை பிசுபிசுக்கும்போது இழையைக் குறுக்கே வை. நேர் குறுக்கே. சாய்ந்து கிடந்தால் ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை.

அறுவதைப் பற்றி: இரண்டு முனையும் அசையாமல் பூட்டியிருக்கிறாயா?

---

ப்ளஃப்_பையன்
செப்டம்பர் 21, மாலை 6:02

ஆமாம் அக்கா. அந்தப் பக்கம் ஸ்க்ரூ, இந்தப் பக்கம் பேரிங்கில் கொக்கி. கம்பியை நல்ல டைட்டாக இழுத்துக் கட்டிவிட்டுத்தான் டிரில்லை அழுத்துகிறேன். கம்பி தளர்ந்தால் இழை விழுந்துவிடுகிறதே.

---

ஊசிநூல்
செப்டம்பர் 21, மாலை 6:25

அதேதான்.

இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கினால் நீளம் குறையும். நூலானாலும் கயிறானாலும் கம்பியானாலும் அதுதான் கணக்கு. ஒவ்வொரு இழையும் நேராகப் போகாமல் மற்றதைச் சுற்றிச் சுற்றிப் போகிறது, வழி நீள்கிறது, முனைகள் கிட்டே வர வேண்டும். நீயோ வர விடாமல் இரண்டு பக்கமும் ஆணி அடித்து வைத்திருக்கிறாய். கம்பி என்ன செய்யும்? எங்கே பலவீனமோ அங்கே அறும். உன் கொக்கியில் கம்பி கூராக மடிகிறது, அதுதான் பலவீனமான இடம். ஒன்பதும் ஒரே இடத்தில் அறுந்ததற்குக் காரணம் இதுதான்.

ஒரு முனை நகரணும். ரப்பர்பேண்டோ ஸ்ப்ரிங்கோ வை. என் பலகையில் ஒரு முனையை மேஜை ஓரத்தில் தொங்கவிட்டு ஈயக் குண்டு கட்டியிருக்கிறேன். முறுக்க முறுக்கக் குண்டு மேலே ஏறுவது கண்ணுக்கே தெரியும்.

---

லெனேசியா_ராட்
செப்டம்பர் 21, இரவு 8:47

அக்கா சொன்னதை இப்போதே அளந்து பார்த்தேன். 0.2 கம்பி, இழை இல்லாமல், 30 செ.மீ. நூறு முறுக்குக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தது. நூற்றைம்பது போனால் ஒரு சென்டிமீட்டரையும் தாண்டிவிட்டது. இழை வைத்தால் இன்னும் கொஞ்சம் சேரும். இத்தனை நாளும் என் பலகையில் ஸ்ப்ரிங் எதற்கு இருக்கிறது என்று தெரியாமலேயே உபயோகித்திருக்கிறேன், பார்த்துச் செய்ததுதானே.

---

டோங்காட்_தமிழ்
செப்டம்பர் 21, இரவு 9:15

எத்தனை முறுக்கு போதும்னு எப்படித் தெரியும்? நானும் ட்ரை பண்ணலாம்னு இருக்கேன் (கடையில வாங்குன்னு சொன்னதை மறந்துடுங்க)

---

ஊசிநூல்
செப்டம்பர் 21, இரவு 9:32

எண்ணிக்கையைவிடக் கண்ணை நம்பு. முதல் இருபது சுற்றில் ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும், இழை சும்மா சாய்ந்து உருளும். அப்புறம் திடீரென்று எல்லா இழையும் நிமிர்ந்து நாலாபக்கமும் விரியும், பூனை சிலிர்த்த மாதிரி. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம், கம்பி இரண்டும் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே கயிறாக ஆகும் வரை. அங்கே நிறுத்து. எனக்கு முப்பது செ.மீ.க்கு எண்பதிலிருந்து நூறுக்குள் முடிந்துவிடும்.

டிரில்லை மெதுவாகச் சுற்று. வேகமாகப் போனால் நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுவாய்.

அப்புறம் சீவு. முறுக்கின கையோடு, குண்டைக் கழற்றாமல், பழைய டூத்பிரஷ்ஷால் கம்பிக்குச் செங்குத்தாகச் சீவு. உள்ளே மாட்டிக்கொண்ட இழையெல்லாம் ஒவ்வொன்றாகச் சட் சட்டென்று விடுபடும். பாதி உயிர் அங்கேதான் வருகிறது. அதில் கொட்டுவது கொட்டட்டும், தண்ணீரில் கொட்டுவதைவிட மேஜையில் கொட்டுவது மேல்.

---

மாரிட்ஸ்பர்க் மாமா
செப்டம்பர் 22, காலை 6:05

நான் வரமாட்டேன் என்று சொன்னேன், இருந்தாலும் இந்த முறுக்குப் பேச்சு என்னை இழுத்துவிட்டது.

என் தாத்தா டர்பன் துறைமுகத்தில் மீன் பிடித்துப் பிழைத்தவர். சால்ஸ்பரித் தீவில் நம்மவர்கள் குடிசை போட்டிருந்த காலம். ஒப்பந்தக் கூலி முடிந்து வந்தவர்கள்தான், கரும்பை விட்டுக் கடலுக்கு வந்தார்கள். தாத்தா வலை நூலைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுவார். முதலில் இரண்டு இழையையும் தனித்தனியாக ஒரு பக்கம் உருட்டுவார். பிறகு இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கம். ஒன்று அவிழப் பார்க்கும், மற்றது அதைப் பிடித்துக்கொள்ளும். முடி இல்லாத, பளபளவென்று தேய்ந்த அந்த ஒரு பக்கத் தொடை எனக்கு இன்னும் ஞாபகம்.

இப்போது கேள்வி. நூல் வளையத்தில் நான் பிடியை விட்டால் முறுக்கு அவிழ்கிறது. கம்பியை விட்டால் அவிழ்கிறதா?

---

லெனேசியா_ராட்
செப்டம்பர் 22, காலை 7:20

கொஞ்சம் பின்னால் சுழலும் மாமா, ஒன்றிரண்டு சுற்று. அதற்கு மேல் இல்லை. வளைத்த கம்பி வளைந்தபடியே நிற்கிறதே, அதே சங்கதி. அதனால்தான் பிரஷ்ஷை முறுக்கிப் பெட்டியில் போட்டு வைக்க முடிகிறது. நூலில் முறுக்கினதை அட்டையில் செருகித்தான் வைக்க வேண்டும், உங்கள் லைசன்ரிங் மாதிரி.

முள்ளில் சுற்றும்போது எந்தத் திசையில் முறுக்கினோம் என்பது நூலுக்கு முக்கியம், கம்பிக்கு அவ்வளவு இல்லை. இருந்தாலும் சுற்றச் சுற்ற உங்கள் பிரஷ் தளர்ந்தால், அடுத்ததை டிரில்லில் எதிர்ப்பக்கம் முறுக்கிப் பாருங்கள்.

---

ப்ளஃப்_பையன்
செப்டம்பர் 22, இரவு 10:11

அறிக்கை சமர்ப்பிக்கிறேன்.

ஸ்க்ரூவைக் கழற்றினேன். அந்தப் பக்கம் கம்பியைப் பலகை விளிம்பு தாண்டித் தொங்கவிட்டு அப்பாவின் மூன்று அவுன்ஸ் ஈயக் குண்டு. குண்டோடு சேர்ந்து கம்பியும் சுழலாமல் இருக்க, அதன் வாலை இரண்டு ஆணிக்கு நடுவில் விட்டேன். கொக்கியில் கூராக மடித்த இடத்தில் சின்னப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, பேனா ரீஃபில்தான். கம்பி இப்போது வட்டமாக வளைகிறது. அதே மோட்டார்க் கம்பி, மாற்றவில்லை.

எட்டு முறுக்கினேன். ஒன்றுகூட அறவில்லை. அக்கா சொன்ன மாதிரி குண்டு ஏறுவது தெரிகிறது, சின்னப் பிள்ளை மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் வேறொரு கூத்து. இழை கலக்க அம்மாவின் காபி கிரைண்டரை எடுத்தேன். அதில் அவர் காபி அரைப்பதில்லை, சீரகமும் மிளகும்தான். கனெகலானை நீளமாகவே போட்டுவிட்டேன். இரண்டு விநாடி ஓடியது, பிறகு "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல், புகை வாசனை. இழை முழுக்க பிளேடின் அச்சில் சுற்றிக்கொண்டது. சாமணம் வைத்து ஒரு மணி நேரம் பிடுங்கினேன். மோட்டார் தப்பியது. நான் தப்பவில்லை.

தப்பிய இழையில் சீரக வாசம். ஷாட் ஒருவேளை விரும்பும்.

---

டோங்காட்_தமிழ்
செப்டம்பர் 22, இரவு 10:30

😂😂 ஷாட் கறிக்கு மசாலா முன்னாடியே ரெடி

---

ஊசிநூல்
செப்டம்பர் 23, காலை 9:14

ஐயோ தம்பி! கிரைண்டரில் போடுவதானால் முதலில் இரண்டு செ.மீ.க்கும் குறைவாக வெட்டணும். நீள இழைக்குக் கிரைண்டரே ஆகாது. கையால் பிய்த்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மறுபடி பிய்த்து, பத்துத் தடவை. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். குட்டை இழையானால் ஜாம் பாட்டிலில் தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவுகிற சோப்பும் விட்டுக் குலுக்கு, வடிகட்டி, துணியில் உலர்த்து. யாருடைய சாமானையும் எடுக்க வேண்டாம்.

---

மாரிட்ஸ்பர்க் மாமா
செப்டம்பர் 23, மதியம் 1:40

இழை பற்றிப் பேச்சு வந்ததால்: வெளிநாட்டு இழை எதற்கு? உலக மொஹேரில் (அங்கோரா ஆட்டு ரோமம்) ஏறக்குறைய பாதி நம்ம தென்னாப்பிரிக்காவில்தான், கிழக்குக் கேப்பில். அங்கோரா ஆடு இங்கே வந்த கதை தெரியுமா? 1838-இல் துருக்கியிலிருந்து பன்னிரண்டு கிடாக்களும் ஒரே ஒரு பெட்டையும் கப்பலேறின. இங்கே இனம் பெருகிவிடக் கூடாதென்று கிடாக்களை மலடாக்கித்தான் அனுப்பியிருந்தார்கள். பெட்டை வழியிலேயே ஒரு கிடாக்குட்டி போட்டுவிட்டது. சுல்தானின் கணக்கு அங்கே தப்பியது.

மொஹேர் பளபளப்பும் நீளமும் உள்ளது, ஈரத்தில் அசையும், சாயம் நன்றாக ஏறும். கனெகலானோடு கலந்தால் ப்ளஃப் பையனின் மத்தி நிறமும் வரும். கம்பளி நூல் கடையில் மொஹேர் நூல் உருண்டை ஒன்று வாங்கிச் சீவிப் பிரித்தாலே போதும்.

---

லெனேசியா_ராட்
செப்டம்பர் 23, இரவு 7:58

மாமா பிரஷ்ஷுக்கு இழை சிபாரிசு செய்யும் அளவுக்கு வந்துவிட்டார், கவனித்தீர்களா?

---

மாரிட்ஸ்பர்க் மாமா
செப்டம்பர் 23, இரவு 8:03

இழைக்குத்தான் சிபாரிசு. கம்பிக்கு இல்லை.

---

டோங்காட்_தமிழ்
செப்டம்பர் 27, மதியம் 12:20

நானும் ஒன்னு செஞ்சேன். கட்டும்போது ஒரு சந்தேகம். பிரஷ்ஷோட முனையை முள்ளுல எப்படிப் பிடிக்கறது? நூல் போட்டா வழுக்குது. வெட்டினா என் கத்தரி வாய் போச்சு.

---

ப்ளஃப்_பையன்
செப்டம்பர் 27, மதியம் 2:05

முனையில் அரை செ.மீ. இழையை நகத்தால் உருவிவிடு, வெறும் கம்பி தெரியட்டும். அதை முள்ளின் தண்டோடு சேர்த்து நூலால் பத்துப் பன்னிரண்டு சுற்று, பிறகு கம்பியைப் பின்னால் மடித்து மறுபடியும் ஐந்தாறு. மடித்தால் உருவிக்கொண்டு வராது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் சுற்றின இழையை விரலால் பின்பக்கம் தடவிவிடு, இல்லாவிட்டால் அதன்மேலேயே ஏறி அமுக்கிவிடுவாய்.

கம்பியை நல்ல கத்தரியால் வெட்டவே கூடாது. நான் அம்மாவின் நகவெட்டி... வேண்டாம், சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள். வெட்டின நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நூலால் மூடி ஒரு சொட்டு பசை வை. என் கட்டைவிரலில் மூன்று ஓட்டை.

---

ஊசிநூல்
செப்டம்பர் 27, மாலை 4:46

இன்னொன்று சொல்லிவிடுகிறேன். மீன் வடிவம் வேண்டுமென்றால் இழையைப் பரப்பும்போதே ஒரு முனையில் குட்டையாக, மறுமுனையில் நீளமாக வை. குட்டை முனையை வால் பக்கம் கட்டிச் சுற்றிக்கொண்டே வந்தால் தலைக்கு வரும்போது தானாகப் பருக்கும். கத்தரி வேலை பாதியாகக் குறையும். எங்கள் வீட்டுக்காரர் நான் கட்டினதைத் தன் நண்பர்களிடம் தான் கட்டினதாகச் சொல்லியிருக்கிறார். அது தனி வழக்கு.

---

ப்ளஃப்_பையன்
டிசம்பர் 2, காலை 9:31

இந்தப் பழைய பேச்சைத் தூசி தட்டுகிறேன். நேற்றுத் தடை விலகிய முதல் காலை, விடியுமுன் பாறைக்குப் போனேன். வெள்ளையும் ஆலிவும், பாதிக்கு மொஹேர், குட்டையிலிருந்து நீளம். ஒரே ஃபிளையில் நான்கு ஷாட், அதோடு என் கணக்கு முடிந்தது. ஒரு ஆளுக்கு நான்குதானே.

ஃபிளையைப் பார்த்தால் பரிதாபம். ஒரு பக்க இழை பாதி போய்விட்டது, கம்பி இரண்டு இடத்தில் பளபளவென்று தெரிகிறது. ஆனால் அறவில்லை, அவிழவும் இல்லை. பழைய நூல் உடம்பு இரண்டாவது மீனிலேயே போயிருக்கும்.

அம்மா மீன் சட்டியை இறக்கிவிட்டார். கிரைண்டர் விஷயம் மட்டும் இன்னும் மன்னிக்கப்படவில்லை.

---

மாரிட்ஸ்பர்க் மாமா
டிசம்பர் 2, காலை 10:02

அந்தக் கம்பி 0.2 தானே? சும்மாதான் கேட்கிறேன்.